கல்லுக்கு விடை கொடுப்பது யார்?

கோலா கெடாவில் லங்காவிப் படகுக்குக் காத்திருப்பவர்களின் கண்கள் பெரும்பாலும் கைப்பேசியில் இருக்கும். இல்லையென்றால் சோற்றுப் பொட்டலத்தில். தலையை நிமிர்த்தினால் கெடா ஆற்றின் எதிர்க்கரை தெரியும். அந்தக் கரைக்குச் செபராங் கோத்தா என்று பெயர். செபராங் என்றால் அக்கரை. கோத்தாவைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை, நம் கோட்டைக்கு அது நெருங்கிய உறவு. 1771க்கும் 1780க்கும் இடையே செங்கல்லில் எழுந்த கோட்டை ஒன்று அங்கே இருந்தது. ஆற்று முகத்துக்குள் நுழையும் எந்தக் கப்பலும் அதன் பீரங்கிகளைத் தாண்டித்தான் வர வேண்டும். இன்று மதிலில் சில பகுதிகளும் ஒரு வாயிலும் பழைய பீரங்கிகளும் பக்கத்தில் ஓர் அருங்காட்சியகமும் இருக்கின்றன. கோட்டைக்குள் வாழ்ந்த ஊர் இல்லை.

அந்தக் கோட்டை விழுந்த கதை விசித்திரமானது. 1821 நவம்பரில் சயாமின் சார்பில் லிகோர் நாட்டுப் படகுகள் ஆற்று முகத்துக்கு வந்தன. பர்மாவின்மீது படையெடுத்துப் போகிறோம், வழிக்கு அரிசி வேண்டும் என்று கேட்டன. கெடா அதிகாரிகள் அரிசி கொடுத்தார்கள். அரிசி கேட்டு வந்தவர்கள் கரையேறித் தாக்கினார்கள். சுல்தான் அகமது தாஜுத்தீன் பினாங்குக்குத் தப்பியோடினார். அவர் திரும்பி வர 1842 ஆயிற்று. இடையில் 1838இல் மலாய்ப் படையினர் கோட்டையைச் சயாமிடமிருந்து பறித்தபோது, ஆற்றை அடைத்து நின்று சயாமுக்கு உதவியது பிரிட்டிஷ் கடற்படை. அந்த முற்றுகையில் இருந்த ஷெரார்ட் ஆஸ்பர்ன் என்ற இளம் அதிகாரி பின்னாளில், 1857இல், அதைப் புத்தகமாகவே எழுதினார்.

ஆக, மதில் இடியவில்லை, கதவுதான் திறந்தது. திருவள்ளுவர் அரணுக்கென்று தனி அதிகாரமே வைத்தவர். அதன் கடைசிக் குறளில், உள்ளே இருப்பவர்களிடம் செயல்திறன் இல்லையென்றால் எவ்வளவு பெரிய அரணும் அரண் அல்ல என்று முடித்துவிடுகிறார். அவரிடம் கெடாக்காரர்கள் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: அரிசி கேட்டு வந்தவனுக்கு இல்லை என்று சொல்வது எந்தத் திறனில் சேரும்?

கெடா தோட்டங்களில் வேறு வகைக் காவல் ஒன்று இருந்தது. பால்மரக் காட்டின் எல்லையில், தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், ஒரு மரத்தடி. மரத்தடியில் ஒரு கல்லோ சூலமோ. அதன் பெயர் முனீஸ்வரர், முனியாண்டி, கறுப்பசாமி, மதுரைவீரன் என்று ஊருக்கு ஊர் மாறும். படையலில் சுருட்டு இருக்கும். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். மதில் கிடையாது, பீரங்கி கிடையாது. பாம்பும் காய்ச்சலும் தண்டலின் கோபமும் நிறைந்த காட்டில், அந்தக் கல்தான் மக்களின் காவல் கோபுரம்.

அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பல குடும்பங்களில் ஒரே மாதிரியான பதில் வரும்: கல் இங்கேயே எடுத்தது, மண் அங்கிருந்து வந்தது. பிடிமண். ஊரைவிட்டுப் புறப்படுகிறவர்கள் குலதெய்வக் கோயிலில் ஒரு கை மண் அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு வருவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் அதைப் பதித்து, அதன்மேல் சாமியை நிறுத்துவார்கள். காவல் தெய்வத்தை மதிலோடு பெயர்க்க முடியாது. ஒரு கை மண்ணோடு பெயர்க்கலாம். கப்பலில் அதற்குத் தனி டிக்கெட் கிடையாது.

இங்கேதான் கேள்வி எழுகிறது. சாமி கல்லில் இருக்கிறதா, மண்ணில் இருக்கிறதா, கும்பிடுகிறவரிடம் இருக்கிறதா? கல் உடைந்தால் உண்மையில் உடைவது எது?

இது வெறும் ஏட்டுக் கேள்வியாக இருந்த காலம் கெடாவில் 2013இல் முடிந்தது. குனோங் ஜெராய் மலையின் தெற்கே, மெர்போக் ஆறும் மூடா ஆறும் கடலைத் தேடிப் போகும் நிலத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று சொல்வது இந்த வட்டாரத்தைத்தான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. 1,217 மீட்டர் உயர மலை கடலில் வெகுதூரத்திலிருந்தே தெரியும். வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிக்கு அதுவே கலங்கரை விளக்கம். மலையடிவாரத்தில் 1936, 37ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்சும் அவர் மனைவி டோரதியும் தோண்டி, கோயில் அடித்தளங்களுக்கு எண் போட்டுப் பட்டியலிட்டார்கள். மலாயில் அவற்றுக்குச் சண்டி என்று பெயர். சுங்கை பத்துத் தோட்டத்தில் இருந்த 11ஆம் எண் சண்டி, வீட்டுமனைக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இயந்திரத்தால் தரைமட்டமாக்கப்பட்டது. 2013 இறுதியில்தான் செய்தி வெளியே வந்தது. பூஜாங் பள்ளத்தாக்கு பற்றிப் புத்தகம் எழுதிய டத்தோ வீ. நடராஜன் போன்றவர்கள் குரல் எழுப்பினார்கள். நிலம் தனியாருடையது, அந்த இடம் பாரம்பரிய இடமாக அரசிதழில் அறிவிக்கப்படவில்லை என்பது அப்போது வந்த விளக்கம். விளக்கம் சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது என்று சொல்லப்பட்ட கோயில் மேடை ஒன்று ஒரு பதிவேட்டில் பெயர் இல்லாததால் காணாமல் போனது.

மலேசியத் தமிழர் மனம் கொதித்தது. கொதிப்புக்கு முன்கதை உண்டு. 2007இல் ஷா ஆலமில் ஒரு மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டதும், அதே ஆண்டு நவம்பர் 25இல் கோலாலம்பூர் வீதிகளில் இந்து உரிமை அமைப்பான இண்ட்ராஃபின் பேரணி திரண்டதும் யாருக்கும் மறக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய காலத்தில், லயங்களோடு சேர்ந்து கோயில்களும் நகர வேண்டி வந்தது. எனவே சுங்கை பத்துச் செய்தியைப் பலர் 'இன்னொரு கோயிலை இடித்துவிட்டார்கள்' என்றே படித்தார்கள்.

ஆனால் ஆகமத்தைக் கேட்டால் அது வேறு பதில் சொல்லும். அந்தப் பதில் சங்கடமானது.

சைவ ஆகம நெறியில் தெய்வம் கல்லின் சொத்து அல்ல. அது அழைக்கப்பட்டு வருவது. அழைத்த பிறகு நாள் தவறாத பூசையும் நிவேதனமும் இருந்தால் தங்குவது. திருப்பணி என்றால் முதலில் பாலாலயம் செய்வார்கள்: மூலவரிடமிருந்து சக்தியைக் கும்பத்து நீருக்கு இறக்கி, வேறிடத்தில் படத்திலோ மரப்பலகையிலோ நிறுத்துவார்கள். இதற்குக் கலாகர்ஷணம் என்று பெயர். அதன்பின் கருவறைக்குள் இருப்பது வெறும் கல். உளி வைக்கலாம், பெயர்க்கலாம். வேலை முடிந்ததும் கும்பத்து நீர் கோபுரத்தின் மேலும் மூலவர் மேலும் ஊற்றப்பட்டு, சக்தி திரும்பும். சுங்கைப் பட்டாணியிலோ பீடோங்கிலோ கூலிமிலோ கும்பாபிஷேகம் பார்த்த சிறுவனுக்கும் இது தெரியும்.

இந்தக் கணக்கில் 11ஆம் எண் சண்டியில் பல நூறாண்டுகளாகப் பூசை இல்லை, நிவேதனம் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுவோர் இல்லை. அங்கே நின்ற தெய்வம் எது என்றுகூட உறுதியில்லை. சாத்திரப்படி பார்த்தால் 2013இல் சாமி எதுவும் சாகவில்லை. கோயில் இடிப்பு வழக்குகளில் அதிகாரிகள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: கடவுள் எங்கும் இருக்கிறார், கொஞ்சம் தள்ளி வைத்துக் கும்பிட்டால் என்ன? கேட்டால் எரிச்சல் வரும். இறையியலாக அது தவறு அல்ல என்பதுதான் எரிச்சலின் பாதிக் காரணம்.

தமிழ் மரபே அந்த வாக்கியத்துக்கு மிகப் பெரிய சான்றை எடுத்துக் கொடுத்துவிட்டது. பெரிய புராணத்தின் பூசலார், கையில் காசில்லாதவர். திருநின்றவூரில் உட்கார்ந்து மனத்துக்குள் அடித்தளம் தோண்டி, மனத்துக்குள் கல் அடுக்கி, மனத்துக்குள் கலசம் வைத்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் தன் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். இறைவன் மன்னன் கனவில் வந்து, நாளை எனக்கு வேறு இடத்தில் வேலை இருக்கிறது, நீ தேதியை மாற்றிக்கொள் என்கிறார். மன்னன் திருநின்றவூருக்குப் போய்க் கோயில் எங்கே என்று தேடுகிறான், ஊராருக்குத் தெரியவில்லை. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில், சோழர் எழுப்பிய பெருங்கோயில்களின் நடுவே இருந்துகொண்டு, இந்தக் கதையைப் பெருமையோடு சொன்னார். கல்லை எள்ளிய சித்தர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்படியானால் சுங்கை பத்துவுக்காக வருந்துவது அறியாமையா? இல்லை. ஆனால் வருத்தத்தின் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

அது என்ன என்று பார்க்க, அங்கிருந்து சிறு தொலைவில் உள்ள புக்கிட் பத்து பஹாட் சண்டிக்குப் போகலாம். பத்து பஹாட் என்றால் உளியால் செதுக்கிய கல். பக்கத்து ஓடையின் பாறையை வெட்டித்தான் கோயிலைக் கட்டியிருக்கிறார்கள். விமானம், மண்டபம் இரண்டின் அடித்தளமும் இருக்கின்றன. தூண்கள் மரமாக இருந்ததால் மழையும் கறையானும் அவற்றைத் தின்றுவிட்டன. தூண் நின்ற குழிக்கற்கள் மட்டும் மிச்சம். 1960ஆம் ஆண்டு வாக்கில் அலஸ்டேர் லாம்ப் தலைமையில் கற்களை அதே இடத்தில் மீண்டும் அடுக்கினார்கள். அடுக்குவதற்காகத் தோண்டியபோது அடித்தளத்தில் கல் பேழைகள் கிடைத்தன. உள்ளே செப்புக் கலயம், மணிகள், பொன் தகட்டில் வெட்டிய சிறு உருவங்கள்.

சிற்ப நூல்கள் இதைக் கர்ப்பநியாசம் என்கின்றன. மயமதம் இதற்கு விரிவான முறை சொல்கிறது. கோயில் ஓர் உடல் என்றால் இந்தப் பேழை அதன் கரு. கருவை வைக்கும் குழியில் முதலில் இடுவது பொன்னோ மணியோ அல்ல. மண். கடலோர மண், ஆற்று மண், மலை மண், புற்று மண், நண்டு வளை மண் என்று பல இடத்து மண்ணைக் கொண்டுவந்து பரப்ப வேண்டும். முந்தானையில் மண் முடிந்த தோட்டத்துப் பெண்மணி மயமதம் படித்தவர் இல்லை. ஆனாலும் அவரும் கோயில் கட்டிய சிற்பியும் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள்.

இப்போது கணக்குப் பார்க்கலாம். புக்கிட் பத்து பஹாட்டில் கல் இருக்கிறது, இடம் மாறவில்லை, கரு வெளியே எடுக்கப்பட்டுவிட்டது. பெங்காலான் பூஜாங், பெண்டியாட், பெண்டாங் டாலாம் ஆகிய இடங்களின் சண்டிகளோ, கல்லும் செங்கல்லும் பெயர்க்கப்பட்டு மெர்போக் அருங்காட்சியக வளாகத்துக்கு வந்துவிட்டன. பொருள் பழையது, இடம் புதியது. 11ஆம் எண்ணில் இடம் இருக்கிறது, பொருள் இல்லை. இவற்றில் எது கோயில்? தத்துவ வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் பேசலாம். ஆகமத்துக்கு ஒரு வரி போதும்: எதிலும் பூசை இல்லை, ஆகவே எதுவும் இல்லை.

ஆனால் அதே ஆகமம் இன்னொன்றும் சொல்கிறது. அதிகாரிகளின் வாக்கியத்தில் விடுபட்டுப்போவது அதுதான். ஜீர்ணோத்தாரணம் பற்றிய பகுதிகளில், பழுதான திருவுருவை என்ன செய்வது என்று முறை உண்டு. உடைந்துவிட்டதே என்று குப்பையில் போட அனுமதி இல்லை. ஒருகாலத்தில் தெய்வம் தங்கிய உருவுக்கு மந்திரம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, விடை கொடுத்து, ஆழமான நீரில் விட வேண்டும். கல் போகலாம். சொல்லிக்கொள்ளாமல் போகக் கூடாது. தமிழில் விடை என்ற சொல் கேள்விக்கான பதிலையும் குறிக்கும், பிரியும்போது பெறும் அனுமதியையும் குறிக்கும். சுங்கை பத்துவில் இரண்டும் நடக்கவில்லை. குவாரிட்ச் வேல்சின் பட்டியலோடு நிற்காமல், இடிக்குமுன் முழுதாக அளந்து வரைந்து, தோண்டி எழுதி, இன்னது இருந்தது என்று பதிவு செய்துவிட்டு எடுத்திருந்தால் அது தொல்லியலின் பாலாலயம் என்று சொல்லியிருக்கலாம். சாமிக்குக் கல் தேவையில்லை என்பது உண்மை. சாட்சிக்குத் தேவை. 11ஆம் எண்ணில் இடிந்தது சாட்சி.

எதற்குச் சாட்சி என்பதிலும் தமிழர் கொஞ்சம் நிதானமாக இருப்பது நல்லது. தோட்டத்துக்கு வந்த குடும்பங்களின் வரலாறு 19ஆம் நூற்றாண்டுக் கப்பல்களில் தொடங்குகிறது, கடாரத்தைத் தாக்கிய ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கப்பல்களில் அல்ல. பூஜாங் கோயில்களைக் கட்டியவர்கள் பெரும்பாலும் இந்த மண்ணின் மக்கள். கடல்வழி வந்த சைவத்தையும் பௌத்தத்தையும் தங்கள் கல்லிலும் மரத்திலும் ஏற்றுக்கொண்டவர்கள். கெடாவில் வாழ்ந்துகொண்டு 'கடாரம் கொண்டான்' என்று சட்டையில் அச்சடித்துத் திரிவது, அரிசி கேட்டு வந்தவர்களின் பக்கம் போய் நிற்பது போலாகிவிடும். சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009 முதல் தோண்டி எடுத்த இரும்பு உலைகளும், ஊதுகுழல் துண்டுகளும், பழைய ஆற்றோரப் படகுத்துறைகளும், வட்ட அடித்தளம் கொண்ட செங்கல் மேடையும் ராஜேந்திரனின் கப்பல்களுக்கு வெகு முந்தியவை. இரும்பை உருக்கித் துறையில் ஏற்றிய அந்தக் கைகளின் பெயரைச் சொல்ல இன்று யாரும் இல்லை. ஆகவே உடைமை கோருவதைவிடக் காவல் ஏற்பது இங்கே கண்ணியமான வேலை.

கடாரத்தான் நம் கரையில் விட்டுப்போன காவலை நாம் என்ன செய்தோம் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனான சூடாமணிவர்மன் தொடங்கி, அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்த பௌத்த விகாரம் நாகப்பட்டினத்தில் இருந்தது. ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006இல், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அதற்கு எழுதி வைத்தான். அந்தச் சாசனம் இன்று லைடன் செப்பேடு என்று அழைக்கப்படுகிறது. அப்பாவின் கொடையைச் செப்பேட்டில் நிலைநிறுத்திய ராஜேந்திரன் அடுத்த சில ஆண்டுகளில் கொடை பெற்றவன் நாட்டின்மீது கப்பல் அனுப்பினான். அரசியல்!

நாகையில் 19ஆம் நூற்றாண்டு வரை மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று நின்றது. ஊரார் அதைப் புதுவெளிக் கோபுரம் என்றார்கள், ஐரோப்பியர் சீனப் பகோடா என்றார்கள். சூடாமணி விகாரத்தின் மிச்சம் என்போரும் உண்டு, 13ஆம் நூற்றாண்டில் சீனருக்காக எழுந்தது என்போரும் உண்டு. யார் கட்டியதாக இருந்தாலும் கப்பல்காரர்களுக்கு அது கரை காட்டும் அடையாளம். 1846இல் வால்டர் எலியட் பார்த்தபோதே சிதைந்திருந்தது. 1867இல், கல்லூரி கட்டவென்று இயேசு சபையினர் அனுமதி கேட்க, சென்னை அரசு கொடுக்க, கோபுரம் இடிக்கப்பட்டது. கடாரத்தோடு தமிழ்க் கரையைச் சேர்த்துப் பேசிய ஒரு கோபுரம், தமிழ்நாட்டிலேயே, அரசின் முத்திரையோடு போய்ச் சேர்ந்தது. அந்த வட்டாரத்தில் 1856 முதல் மண்ணுக்கடியில் கிடைத்த 350க்கு மேற்பட்ட பௌத்தப் படிமங்கள், அப்போது பார்த்தவர்களின் குறிப்புகள், ஓவியங்கள் இவற்றால்தான் அது இன்றும் பேசப்படுகிறது. அதற்காவது ஒரு விடை கிடைத்தது எனலாம்.

கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பலகைக் கல் இந்தக் கதைக்கு வேண்டும். 1834இல் ஜேம்ஸ் லோ என்ற ராணுவ அதிகாரி அதை அன்றைய வெல்லஸ்லி மாநிலத்தில் கண்டெடுத்தார். 1800 வரை கெடாவுக்குச் சொந்தமாயிருந்த நிலம் அது. கல்லில் ஒரு தூபியின் படம், தூபியின் மேல் அடுக்கடுக்காகக் குடை. சுற்றிலும் 5ஆம் நூற்றாண்டு எழுத்து. செய்வித்தவன் வங்காளத்து ரக்தமிருத்திகையைச் சேர்ந்த மகாநாவிகன் புத்தகுப்தன். ரக்தமிருத்திகை என்றால் செம்மண். ஊரின் பெயரே மண். வினை சேர்வதும் பிறப்பு தொடர்வதும் அறியாமையால் என்ற பௌத்தக் கொள்கையைக் கல்லில் வெட்டிவிட்டு, பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்று ஒரு வேண்டுதலையும் சேர்த்திருக்கிறான். எதுவும் நிலையில்லை என்று நம்பும் மதத்தான், கப்பல் மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்கிறான். முரணாகத் தோன்றலாம். கடலோடியிடம் கேட்டால் முரண் என்று சொல்லமாட்டான். நிலையாமை தெரிந்தவனுக்குத்தான் காவலின் அருமை தெரியும்.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய இடங்களில், புதிய தாமான்களின் ஓரத்தில் சிறு முனீஸ்வரர் சன்னிதிகளை இன்றும் பார்க்கலாம். தகரக் கூரை, சிவப்புத் துணி, எலுமிச்சம்பழம் குத்திய சூலம். லயம் பெயர்ந்த நாளில் பழைய மேடையின் மண்ணை ஒரு துணியில் கட்டி எடுத்துவந்து பதித்த சன்னிதிகள் அவற்றில் உண்டு. அறுபது எழுபது ஆண்டு பால்மரம் வெட்டிய கைகள் கடைசியாக அந்தத் தோட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டது அவ்வளவுதான். 2013இல் சுங்கை பத்துவிலும் மண் வாரப்பட்டது, லாரி கணக்கில். ஒரு கைப்பிடி அள்ளிக்கொள்ள யாரையும் கூப்பிடவில்லை.